ஆன், ஆள்: பாட்டு வீடியோவில் யார் எழுவாய்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் ஒரு தாய் கேட்ட கேள்வி இது. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 15. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு அமாபியானோ என்ற இந்த நாட்டு நடன இசை வீடியோக்களைப் பார்த்து ஆடுகிறாள். "பார்க்கவே கூசுகிறது" என்று அதை நிறுத்திவிட்டு, தமிழ் சினிமாப் பாட்டு வீடியோக்களைப் போட்டுக் கொடுக்கிறாராம். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று இந்த வீடியோக்கள் பிள்ளைகளுக்கு என்னதான் கற்றுக் கொடுக்கின்றன, தான் செய்தது சரிதானா என்று கேட்கிறார்.

அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் மாற்றிக் கொடுத்தது பாட்டின் மொழியைத்தான். பாடம் அப்படியே இருக்கிறது, சில வீடியோக்களில் முன்பைவிட மோசமாகவும் ஆகியிருக்கும். நாம் எல்லாரும் உடையை அளக்கிறோம். எவ்வளவு இடுப்பு தெரிகிறது, பாவாடை எத்தனை அங்குலம் என்று பார்க்கிறோம். புடவை கட்டியிருந்தால் 'நம்ம பண்பாடு' என்று விட்டுவிடுகிறோம். அந்தப் புடவை கட்டிய பெண் நான்கு நிமிடப் பாட்டில் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதில்லை. நான் அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

நான் டர்பனில் கோயில் ஹாலில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுப்பவள், இருபது வருடத்துக்கு மேலாக. இந்த விஷயம் எனக்குப் புரிந்ததே இலக்கணப் பாடம் நடத்தும்போதுதான். போன வருடம் வினைமுற்று விகுதி நடத்தினேன். வருகிறான், வருகிறாள், வருகிறார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சரி, அவர்களுக்குப் பிடித்ததை வைத்தே நடத்துவோம் என்று மடிக்கணினியைத் திறந்து ஒரு காதல் பாட்டு வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டேன். வெண்பலகையில் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'ஆன்', வலப்பக்கம் 'ஆள்'. அவன் என்ன செய்கிறான், அவள் என்ன செய்கிறாள், பார்த்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

இடப்பக்கம் மளமளவென்று நிறைந்தது. பார்க்கிறான். பின்னால் போகிறான். வண்டியை நிறுத்துகிறான். வழியை மறிக்கிறான். துப்பட்டாவைப் பிடிக்கிறான். நண்பர்களைக் கூப்பிடுகிறான். கையை உதறுகிறான். கண்ணாடியைக் கழற்றுகிறான். வலப்பக்கம் நடக்கிறாள், திரும்புகிறாள், முறைக்கிறாள், ஓடுகிறாள். அப்புறம் நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. கடைசியில் சிரிக்கிறாள், சாய்கிறாள். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் எண்ணிப் பார்த்து 17க்கு 6 என்றான், ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

நான் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. அடுத்த வாரப் பாடம் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை. அந்தக் கண்ணோடு பலகையைப் பார்த்தேன். இடப்பக்கத்து வினைகளில் பெரும்பாலானவற்றிடம் 'யாரை?', 'எதை?' என்று கேட்டால் பதில் வந்தது. வலப்பக்கத்தில் ஒன்றுக்குத்தான் வந்தது. முறைக்கிறாள், அவனை. மற்ற ஐந்தும் தன்னோடு தொடங்கித் தன்னோடு முடியும் வினைகள். அவள் எதையும் பிடிக்கவில்லை, திறக்கவில்லை, மாற்றவில்லை, யாரையும் தேடவில்லை. அவன் எழுவாய், அவள் செயப்படுபொருள். புடவையா குட்டைப் பாவாடையா என்பது அந்தப் பலகையில் எங்கும் வரவே இல்லை.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும் இந்த வழி என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் சட் ஜாலி என்ற பேராசிரியர் 1990களின் தொடக்கத்தில் எம்டிவி வீடியோக்களிலிருந்து பாட்டை எடுத்துவிட்டு, படத்தை மட்டும் வரிசையாக வைத்து, தன் விளக்கத்தைச் சேர்த்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். எம்டிவி வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. தாளம் போனதும் படம் எவ்வளவு அம்மணமாக நிற்கிறது என்பது அதைப் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. அவருக்கு முன்னால், 1975இல், லாரா மல்வி சினிமாவைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் அடிப்படையைச் சொல்லியிருந்தார்: ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள், கேமரா ஆணின் கண்ணாகிறது, பார்க்கிற நாமும் அந்தக் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறோம். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970களில் விளம்பரப் படங்களை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். ஆண் ஒரு பொருளைப் பற்றிப் பிடிப்பான், பெண் விரல் நுனியால் வருடுவாள். ஆண் நேராக நிற்பான், பெண் தலையைச் சாய்ப்பாள், ஒரு முழங்காலை மடிப்பாள். ஆண் சூழலைக் கவனிப்பான், பெண் எங்கோ வெறித்துக் கனவில் இருப்பாள். இதை மனதில் வைத்துக்கொண்டு எந்தத் தமிழ் மெலடியை வேண்டுமானாலும் பாருங்கள். ஜன்னல் கம்பியை வருடும் விரல், தன் கூந்தலைத் தானே கோதும் கை, மழையில் அண்ணாந்த முகம். காஃப்மன் தமிழ்ப் பாட்டையே பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கும்.

இந்த நாட்டில் நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சென்னையில் வளரும் பிள்ளைக்குப் பாட்டின் சொல் புரியும், படத்தின் கதை தெரியும், எது கிண்டல் எது நிஜம் என்று ஓரளவு பிடிபடும். நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. 1860க்கும் 1911க்கும் இடையில், டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட 1,52,184 ஒப்பந்தக் கூலிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள். இன்றைய அரசியல் சட்டம்கூடப் போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் புழங்குவது ஆங்கிலம்தான். என் மாணவர்களில் பாதிப் பேருக்குத் தாத்தா பாட்டி பேசிய தமிழில் மிஞ்சியிருப்பது சாப்பாட்டுப் பெயரும் உறவு முறையும். ஆகவே தமிழ்ப் பாட்டு வீடியோ அவர்களுக்கு வந்து சேரும்போது சொல் உதிர்ந்துபோய், மெட்டும் படமுமாகத்தான் வருகிறது. படமே மொழி ஆகிவிடுகிறது. அதோடு, "இதுதான் நம்ம கல்ச்சர், பார்" என்று நாமே முத்திரை குத்திக் கொடுக்கிறோம். அமாபியானோவைப் பார்க்கிற பிள்ளைக்கு அது ஒரு பாட்டு. தமிழ்ப் பாட்டைப் பார்க்கிற பிள்ளைக்கு அது ஒரு அத்தாட்சி, தமிழ்ப்பெண் இப்படித்தான் இருப்பாள் என்று.

சரி, அந்தப் படங்கள் என்ன சொல்கின்றன? எனக்கு மிகவும் கவலை தருவது ஒன்றே ஒன்றுதான். அவள் 'வேண்டாம்' என்றால் அதற்கு 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று பொருள். முதல் சரணத்தில் முறைக்கிறாள், இரண்டாவதில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள், மூன்றாவதில் அவன் தோளில் சாய்கிறாள். நடுவில் என்ன நடந்தது? அவன் பின்னாலேயே வந்தான், அவ்வளவுதான். அவள் மனம் மாற வேறு காரணம் எதையும் வீடியோ காட்டுவதில்லை. விடாமல் துரத்துவதே காரணம். பத்து வயதிலிருந்து இந்த வாய்ப்பாட்டை நூறு முறை பார்த்த பையன் ஒரு பெண்ணின் மறுப்பைப் பாட்டின் நடுப்பகுதி என்றுதான் எடுத்துக்கொள்வான். பெண்ணும், தன் மறுப்புக்கு மதிப்பில்லை என்பதைவிட மோசமான ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள்: மறுத்த பிறகும் வருகிறவன்தான் உண்மையாக நேசிக்கிறவன்.

இதைச் சொன்னால் பெற்றோர் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, "டீச்சர், முருகனே வள்ளியைத் துரத்தித்தானே கட்டினார்" என்பார். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும். கிழவனாக வேஷம் போட்டது, யானையைக் கொண்டு பயமுறுத்தியது எல்லாம் கதையில் இருக்கிறது. ஆனால் பலகையில் வள்ளியின் வினைகளை எழுதிப் பாருங்கள். தினைப்புனத்தைக் காக்கிறாள். பரண்மேல் ஏறி நிற்கிறாள். கவண் எறிகிறாள். ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டுகிறாள். வந்தவனை யார் என்று கேட்கிறாள், தண்ணீர் கொடுக்கிறாள், தேனும் தினைமாவும் கொடுக்கிறாள், வம்பு பேசினால் வாய் கொடுத்துத் திருப்புகிறாள். ஏறி நிற்பதைத் தவிர மற்றவை எல்லாம் குன்றா வினை. அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, இடம் இருக்கிறது, கையில் ஆயுதம்கூட இருக்கிறது. காவடி எடுக்கும் ஊர் இது, நமக்கு வள்ளியை மறந்துபோக நியாயமே இல்லை. நம் பாட்டு வீடியோக்கள் அந்தக் கதையிலிருந்து யானையை வைத்துக்கொண்டு கவணைப் பிடுங்கிவிட்டன.

பழைய இலக்கணமும் இதைத் தெளிவாகத்தான் பிரித்தது. ஒருவர் மட்டும் விரும்புவது கைக்கிளை, பொருந்தாதது பெருந்திணை. இரண்டுக்கும் அன்பின் ஐந்திணையில் இடம் கிடையாது. பனைமடலில் ஏறி ஊர் நடுவே வந்து மிரட்டுகிற ஆணைப் பற்றிப் பாட்டு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் காதலின் நடுவீதியில் வைக்கவில்லை. அகப்பாட்டின் நடுவீதியில் பேசிக்கொண்டிருப்பது பெரும்பாலும் தலைவியும் தோழியும். குறுந்தொகையைத் திறந்தால் பெண்குரல்தான் முந்திக்கொண்டு காதில் விழுகிறது. ஒருதலைக் காதலைத் தமிழ்ப் பண்பாட்டின் உச்சி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அது பண்பாடு இல்லை, அண்மைக்காலப் பழக்கம்.

குரல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் சினிமாவில் ஒரு நாயகி என்று நாம் பார்ப்பது பல நேரம் மூன்று பெண்கள். முகம் ஒருவருடையது, பாடும் குரல் இன்னொருவருடையது, பேசும் குரல் மூன்றாமவருடையது. படத்தில் தெரிவது முகம் மட்டும். 1960களில் இந்தக் குரல்களையே இரண்டு குணமாகப் பிரித்து வைத்தார்கள். குடும்பப் பெண்ணாக வரும் நாயகிக்கு பி. சுசீலா, கிளப்பில் ஆடுகிறவளுக்கு எல். ஆர். ஈஸ்வரி. நல்லவள் மென்மையாகப் பாடுவாள், ஆசையை வாய்விட்டுச் சொல்கிறவள் கெட்டவள், படம் முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போவாள். அப்புறம் வந்த ஜோதிலட்சுமி, சில்க் ஸ்மிதா காலத்திலும் இந்தப் பிரிவினை நீடித்தது. இன்று அந்தச் சுவர் இடிந்துவிட்டது, நாயகியே குத்துப்பாட்டுக்கும் ஆடுகிறாள். ஆனால் இடிந்ததால் அவளுக்கு இரண்டு மடங்கு பேச்சு கிடைத்ததா என்றால் இல்லை. இரண்டு வேலையும் ஒருத்தி தலையில் விழுந்ததுதான் மிச்சம்: அடக்கமாகவும் இருக்க வேண்டும், ஆடியும் காட்ட வேண்டும்.

ஈஸ்வரி அம்மாவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கிளப் பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்த அதே குரல்தான் பிறகு மாரியம்மன் பாட்டுகளால் வீடு வீடாகப் போனது. ஆடி மாதம் இங்கே கூழ் ஊற்றும்போது காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் கேட்பது அந்தக் குரல். கூழ்ப் பானையைக் கிளறுகிற அவ்வாக்கள் கூடவே பாடுவார்கள். பெண்ணின் குரலை இரண்டு பெட்டியில் பூட்டி வைத்தவர்களுக்கு அவர் கொடுத்த பதிலாகவே எனக்கு அது கேட்கும்.

மகனைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த வீடியோக்களில் ஆண்பிள்ளைக்கும் ஒரு குறுகிய சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள். அவனுக்கு இரண்டே நிலை: துரத்துகிறவன், அல்லது தோற்றவன். தோற்றால் தாடி, பாட்டில், கூட நாலு நண்பர்கள், எல்லாரும் சேர்ந்து பெண்குலத்தையே திட்டுவது. 2011இல் உலகம் முழுக்க ஓடிய 'கொலவெறி' பாட்டுக்குப் பிறகு 'சூப் பாய்ஸ்', 'சூப் சாங்' என்ற பெயரே ஒரு வகையாக நிலைத்துவிட்டது. டர்பனில் கல்யாண ஹால்களில் தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர்கள் அதைப் பாடினார்கள். அந்த வீடியோவை இன்று திரும்பப் பாருங்கள். அது ஒரு ஒலிப்பதிவுக் கூடம். ஆண்கள் பாடுகிறார்கள், இசையமைக்கிறார்கள், தாளம் போடுகிறார்கள். அந்தப் பாட்டு வந்த '3' படத்தை இயக்கியவரே ஒரு பெண், ஐஸ்வர்யா. நாயகி ஸ்ருதிஹாசன் தாமே பாடகி. வீடியோவில் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுச் சிரிக்கிறார்கள். யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்திருக்க மாட்டார்கள், விளையாட்டாக எடுத்ததுதான். திட்டமிடாமலே அப்படி அமைகிறது என்பதுதான் என் கவலை. நான்கு வருடம் கழித்து 2015 டிசம்பரில், பெண்களை வசைச்சொல்லால் திட்டி ஒலியால் மறைத்த பாட்டு ஒன்று இணையத்தில் வந்தபோது தமிழ்நாட்டில் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின, காவல் நிலையத்தில் புகார்கள் பதிவாயின. விளையாட்டாகத் தொடங்கியதை நீட்டிக்கொண்டே போனால் இங்கேதான் வந்து நிற்கும்.

அழுகிற பையன், பயந்த பையன், 'சரி, அவளுக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டுக் கால்பந்து ஆடப் போகிற பையன் பாட்டு வீடியோவில் எத்தனை பேர்? என் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்கள் தங்களைத் திரையில் பார்த்ததே இல்லை.

தோல் நிறத்தைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது, நாம் இருக்கும் நாடு அப்படி. பாட்டு வீடியோவில் அவன் கறுப்பாக இருக்கலாம், அது அவனுக்குக் கெத்து. அவள் வெள்ளையாக இருந்தே ஆக வேண்டும். பின்னால் ஆடுகிற பெண்களும் அப்படியே. 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் 1991 வரை ஒவ்வொருவரையும் இனம் என்ற பெட்டியில் போட்டது. எங்கே குடியிருக்கலாம், யாரைக் கட்டலாம் என்பதை அந்தப் பெட்டியை வைத்து வேறு சட்டங்கள் தீர்மானித்தன. சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் பிறந்ததே அப்படித்தான், குழுப் பகுதிச் சட்டத்தால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்குப் போட்ட ஊர்கள். அந்த ஊரில் வளரும் கறுத்த தமிழ்ப் பெண்குழந்தைக்கு, தன் மொழியில் வரும் பாட்டிலேயே தன் நிறத்தில் ஒரு பெண் கிடையாது. தீபாவளி நிகழ்ச்சிக்கு நடுவில் யாரை நிறுத்துவது என்று வரும்போது, எட்டு வயதுப் பிள்ளை தானாகவே பின்வரிசைக்குப் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நான் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தேன். இரண்டு நிமிடத்தில் திரும்பவும் பின்னால் நின்றாள்.

இப்போது நீங்கள் நிறுத்திய பக்கத்துக்கு வருவோம். நம்மைச் சுற்றியிருக்கும் கறுப்பின மக்களின் இசையில் பெண் எப்படி வருகிறாள்? 1990களின் குவைட்டோ இசையில் பூம் ஷாகா குழுவின் முன்னணியில் நின்றவர் லெபோ மத்தோசா. அவருக்கு முன் பிரெண்டா ஃபாஸி. இரண்டு பேரும் மேடையில் யாருக்கும் பின்னால் நின்றவர்கள் இல்லை. கோம் இசை 2010களில் நம் டர்பனின் டவுன்ஷிப்களில்தான் பிறந்தது. 2016இல் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனவர்களில் ஒருவரான பேப்ஸ் வொதுமோ, சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்து லாமொண்ட்வில் பெண். அவர் ஆட்டத்தைச் சத்தமில்லாமல் பார்த்துப் பலகையில் எழுதினால் 'ஆள்' பக்கம் நிறைந்துவிடும்: முன்னால் வருகிறாள், கூட்டத்தை நடத்துகிறாள், தாளத்தை நிறுத்துகிறாள், மற்றவர்களைப் பார்க்க வைக்கிறாள். 'வாட்டர்' பாட்டால் 2024இல் சிறந்த ஆப்பிரிக்க இசைக்கான முதல் கிராமி வாங்கிய டைலாவுக்கு இந்திய, மொரீஷியஸ் வேர்களும் உண்டு. அவர் உடை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் அவர்தான் எழுவாய்.

அதற்காக அந்தப் பக்கம் எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். விலையுயர்ந்த கார், மேஜை நிறைய பாட்டில், சோபாவில் ஆண்கள், சுற்றிலும் முகமே காட்டாத பெண்கள் என்று வரும் அமாபியானோ, ஹிப்ஹாப் வீடியோக்களும் ஏராளம். அங்கே பெண் அந்த காருக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பொருள், செயப்படுபொருள்கூட இல்லை. அந்த வகையை உங்கள் மகள் பார்த்தால் நீங்கள் கவலைப்படுவது நியாயம். ஆனால் அந்த நியாயத்தை எல்லாப் பக்கமும் ஒரே கோலால் அளக்க வேண்டும். தமிழ் வீடியோவில் நாயகனைச் சுற்றி நாற்பது பெண்கள் ஒரே மாதிரி உடையில் ஆடினால் அதுவும் இதே கணக்குதான்.

பெண் இயக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2013இல் உலகம் முழுக்கக் கண்டனம் வாங்கிய ராபின் திக்கின் 'பிளர்டு லைன்ஸ்' வீடியோவை இயக்கியவர் டயேன் மார்ட்டெல் என்ற பெண். நடன இயக்கத்தில் தமிழிலும் பெயர் பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். ஆள் மாறினால் போதாது, வாய்ப்பாடு மாற வேண்டும். வாய்ப்பாட்டை இறுக்குவது பணம். தமிழில் பாட்டு என்பது படத்துக்கு முன்னால் வரும் விளம்பரம். கூட்டம் இழுக்கும் நாயகன்தான் அதில் தெரிய வேண்டும். இப்போது பதினைந்து விநாடியில் எல்லாரும் செய்து போடக்கூடிய ஒரு 'ஹூக் ஸ்டெப்' வேண்டும் என்றும் ஆகிவிட்டது. பதினைந்து விநாடியில் ஒரு பெண்ணுக்குக் குணம் கொடுக்க முடியாது, அசைவு மட்டும்தான் கொடுக்கலாம். இந்தியாவில் டிக்டாக் 2020இல் தடையானது, இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பல தமிழ்ப் பாட்டுகள் அந்தப் பதினைந்து விநாடி அளவுக்குத்தான் தெரியும்.

நல்லவையும் வந்திருக்கின்றன. 'ரவுடி பேபி' 2020இல் 100 கோடிப் பார்வையைத் தாண்டியபோது எல்லாரும் எண்ணிக்கையைப் பேசினார்கள். நான் சாய் பல்லவியின் கால்களைப் பேசுவேன். அவனுக்கு என்ன அடவோ அதே அடவு அவளுக்கும், அதே வேகம், அதே இடம். பல இடங்களில் கண் அவள்மேல்தான் நிற்கிறது, அவள் ஆடுவது அவ்வளவு நன்றாக இருப்பதால். அடுத்த வருடம் தீ என்ற பாடகியும் அறிவு என்ற பாடகரும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வள்ளியம்மாள் என்ற பாட்டியின் வாழ்விலிருந்து பிறந்த பாட்டு. அதில் காதலும் இல்லை, துரத்தலும் இல்லை. நிலம் இருக்கிறது, உழைத்த பெண் இருக்கிறாள். அதை வகுப்பில் போட்டபோது ஒரு பெண்பிள்ளை, "என் அவ்வாவின் அவ்வா மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு வெட்டினாளாம்" என்றாள். நேட்டாலில் ஒப்பந்த ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சொன்னேன். 1913இல் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசி வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்ததையும், சிறையில் நோயுற்றும் அசையாமல் நின்று 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையையும் சொன்னேன். வகுப்பு அன்று அரை மணி நேரம் கூடுதலாக ஓடியது.

நம்மிடம் இன்னொரு பழைய கலையும் இருந்தது. இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் வாங்கிய தெருக்கூத்து. கரும்புத் தோட்ட லைன் வீடுகளுக்கு முன்னால் விடிய விடிய ஆடுவார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டினார்கள். பெண்களை மேடையேற்றாத குறை அதில் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் பகலில் கரும்பு வெட்டிய ஆண் இரவில் திரௌபதியாகிச் சபையில் நியாயம் கேட்டான், ஊர் அழுதது. ஆண் என்பதும் பெண் என்பதும் கட்டிக்கொள்ளும் வேஷம் என்று அந்த மக்களுக்கு யாரும் விரிவுரை நடத்தவில்லை, கண்ணால் பார்த்தார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தடை போடாதீர்கள். தடுத்தால் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார்கள். வாரம் ஒரு நாள் பிள்ளைகள் இரண்டு பேரோடும் சோபாவில் உட்காருங்கள். ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு அமாபியானோ, அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். முதலில் சத்தத்தோடு சந்தோஷமாகப் பாருங்கள், ஆடினால் நீங்களும் ஆடுங்கள். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தாளில் கோடு போட்டு ஆன், ஆள் எழுதச் சொல்லுங்கள். தமிழ் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதட்டும், பரவாயில்லை. நீங்கள் கருத்துச் சொல்லாதீர்கள், அவர்களுக்கே தெரியும். மகளிடம் கேட்க வேண்டியது, "இவள் கடைசிவரை முறைத்துக்கொண்டே இருந்தால் பாட்டு எப்படி முடியும்?" மகனிடம் கேட்க வேண்டியது, "உன் தங்கச்சி பின்னால் ஒருத்தன் இப்படி வந்தால் இந்தப் பாட்டை எப்போது நிறுத்துவாய்?" இரண்டாவது கேள்வியை அண்ணன் என்ற காவலாளி வேலையோடு விட்டுவிடாதீர்கள். அடுத்ததாக, "அவள் யாருக்கும் தங்கச்சி இல்லையென்றால்?" என்றும் கேளுங்கள். அங்கேதான் பேச்சு தொடங்கும்.

மகளை ஆடவிடுங்கள். கண்ணாடிக்கு முன்னால் தனக்காக ஆடுகிற 12 வயதுப் பெண் தன் உடம்பைத் தானே தெரிந்துகொள்கிறாள், அதில் கூச ஒன்றும் இல்லை. அதைப் படம் பிடித்து யாருக்குப் போடுகிறாள், கீழே யார் என்ன எழுதுகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

போன தீபாவளிக்கு எங்கள் வகுப்பில் துப்பட்டா இழுக்கும் அந்தப் பாட்டுக்குத்தான் முதலில் ஒத்திகை நடந்தது. பலகைப் பாடத்துக்குப் பிறகு பிள்ளைகளே அதை மாற்றினார்கள். மெட்டு அதேதான். பெண்பிள்ளைகள் மூங்கில் பரண் செய்து கவணோடு ஏறி நின்றார்கள், பையன்கள் கிளியும் மைனாவுமாகத் தினை கொத்த வந்து அடி வாங்கி ஓடினார்கள். 17க்கு 6 என்று எண்ணிய பையன்தான் முதல் கிளி. பின்வரிசைப் பிள்ளை பரணின் மேல்படியில் நின்றாள். அங்கிருந்தால்தான் கவண் தூரமாகப் போகும் என்று இடத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.